ஒரு பக்கம் தைக்காத தலையணை

யாராவது உதவி செய்கிறேன் என்று வந்தால் நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பேன். கையில் என்ன கொண்டுவந்திருக்கிறார்கள், திரும்பும்போது எதை எடுத்துக்கொண்டு போவார்கள் என்று பார்ப்பேன். மாதத்துக்கு ஒருமுறை வேங்கிக்காலில் நாம் கூடுகிற அறையில் உங்களையும் கவனித்திருக்கிறேன். நீங்களும் அப்படித்தான் பார்க்கிறீர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர்கள், தங்கையைப் பார்த்துக்கொள்கிறவர்கள், என்னைப் போல அண்ணனைப் பார்த்துக்கொள்கிறவர்கள், எல்லோருக்கும் ஒரே கண்தான். புதிதாக வந்த ஒரு பெண் டீ நீட்டினால்கூட, இவளுக்கு இதில் என்ன லாபம் என்று ஒரு நொடி நிற்கிறோம். நமக்குப் பயிற்சி கொடுக்க வருகிறவர்கள் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். குடும்பத்தார் மனம் திறந்து பேசுவதில்லையாம். திறந்தால் என்னென்ன உள்ளே வரும் என்று அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

எனக்கு இந்தக் கண் வந்தது ஒரு கோடை விடுமுறையில். நாங்கள் பேய்க்கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஓட்டு வீட்டில் இருந்தோம். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர், பெங்களூர் ரூட். ஒருநாள் விட்டு ஒருநாள் வருவார், வந்தால் தூங்குவார். மற்ற நேரமெல்லாம் அம்மா, அண்ணன், நான் மூன்று பேர்தான். நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அண்ணனுக்கு மீசை அரும்பியிருந்தது. உயரத்தில் அப்பாவை எட்டிப் பிடித்துவிட்டான்.

அண்ணனைப் பற்றி உங்களுக்கு நிறைய விளக்க வேண்டியதில்லை. பேச்சு கிடையாது. 'ம்மு' என்று ஒரு சத்தம் உண்டு, அது அம்மாவுக்கும் பொருந்தும், தண்ணீருக்கும் பொருந்தும். இன்று அவன் நிலைமைக்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அன்று 'புத்தி கம்மி' என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். வெயில் ஏறினால் அவனுக்கு ஆகாது. மத்தியானச் சோறு உள்ளே போனதும் சுவரோரம் உட்கார்ந்து தலையைச் சுவரில் மோத ஆரம்பிப்பான். அம்மா என்ன செய்வாள் தெரியுமா, சுவருக்கும் அவனுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வாள். அவன் தலை அவள் தோளில் வந்து மோதும். அந்தத் தோள் எப்போதும் கன்றிப்போய் இருக்கும். வெளியே தெரியக்கூடாது என்று ஜாக்கெட்டின் கையை நீளமாக வைத்துத் தைத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்திருந்தது. பொங்கலுக்கு நெல்லிக்காய் அளவு இருந்தது, சித்திரையில் எலுமிச்சை அளவாகிவிட்டது. சோறு விழுங்கும்போது தலையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வாள். படுத்தால் மூச்சு இழுக்கும். பெரியாஸ்பத்திரி டாக்டர், வேலூருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள், தள்ளிப்போட்டால் அது மூச்சுக்குழாயை அமுக்கிவிடும் என்று சொல்லி அனுப்பினார். அம்மா தலையாட்டிவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் வேலூரில் படுத்துக்கொண்டால் அண்ணனை யார் பார்த்துக்கொள்வது? அதற்குப் பதில் இல்லை, அதனால் ஆபரேஷனும் இல்லை.

இங்கே ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். உங்களில் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் 'விட்டுட்டுப் போறது' என்றால் அதற்குத் தனி அர்த்தம். பௌர்ணமிக்கு ஜனம் வரும், மலையைச் சுற்றும், போய்விடும். மறுநாள் காலையில் பார்த்தால் சிலர் மட்டும் மிச்சம் இருப்பார்கள். மரத்தடியில் ஒரு கிழவர் இருப்பார், பக்கத்தில் பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலம் இருக்கும். ஒருமுறை என் வயதில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். கழுத்து நிற்கவில்லை, வாயோரம் எச்சில் வழிந்தது, ஆனால் பளபளவென்று புதுப் பாவாடை கட்டியிருந்தாள். "யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க" என்று பூக்காரி சொன்னாள். புதுத்துணிதான் அதற்கு அடையாளம். விடுகிறவர்கள் குளிப்பாட்டி, புதுசு உடுத்தித்தான் விடுவார்கள். இது எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அம்மா அந்தப் பெண்ணைப் பார்த்ததும் என் கண்ணைப் பொத்தவில்லை, அண்ணனின் கண்ணைப் பொத்தினாள். அது ஏன் என்று எனக்கு அன்று புரியவில்லை.

அப்பாவின் அக்கா அடி அண்ணாமலையில் இருந்தாள். கிரிவலப் பாதையில் கற்பூரம், சோடா விற்கும் கடை வைத்திருந்தாள். அத்தைக்கு வாய் நீளம், கையும் தாராளம். வந்தால் பை நிறைய காய்கறி கொண்டுவருவாள். அந்தச் சித்திரையில் வந்தவள் அம்மாவின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இதை வச்சினு எத்தினி நாளைக்கு இவனை சொமப்ப? மலைகிட்ட விட்டுடு. அவரு பாத்துப்பாரு."

அத்தை பஸ் ஏறிய பிறகு அம்மா என்னிடம், "கேட்டியா, விட்டுடணுமாம்" என்றாள். அன்றைக்கு அத்தை கொண்டுவந்த கத்தரிக்காயை அவள் சமைக்கவே இல்லை. வாடிப்போய்க் கூடையிலேயே கிடந்தது.

எதிர் வீட்டில் மெத்தை தைக்கிற பாய் இருந்தார். அவர் மனைவியைத் தெருவே பாயம்மா என்றுதான் கூப்பிடும். பிள்ளை குட்டி இல்லை. முன்னறை முழுக்க இலவம் பஞ்சு கிடக்கும். உத்தரத்திலிருந்து கயிற்றில் ஒரு பெரிய வில் தொங்கும். அதன் நரம்பைக் கட்டையால் தட்டினால் டொய்ங் டொய்ங் என்று அதிர்ந்து பஞ்சு மேலே எழும்பிப் பூவாக விழும். அந்த வாசலைத் தாண்டினாலே மூக்கில் பஞ்சு ஏறித் தும்மல் வரும். இன்று அந்த வேலைக்கு மிஷின் வந்துவிட்டது, வில் எங்கே போனதோ தெரியவில்லை. அவர்களோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை உண்டு, பெருநாளுக்குப் பலகாரம் வரும், பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து போகும். அதற்குமேல் இல்லை.

அத்தை வந்துபோன மறுநாளோ அதற்கடுத்த நாளோ, பாயம்மா ஒரு கிண்ணத்தில் வேகவைத்த மல்லாட்டையோடு, அதுதான் வேர்க்கடலையோடு, எங்கள் வாசலில் வந்து நின்றாள். அண்ணனுக்கு மல்லாட்டை உரிப்பது பிடிக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அம்மாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

"யக்கா, கழுத்துக்கு வேலூரு போகணுமாமே. தம்பியை என்கிட்ட விட்டுட்டு போங்க. நான் பாத்துக்கறேன்."

அம்மாவின் கை கிண்ணத்தை வாங்கப் பாதி நீண்டிருந்தது. அப்படியே நின்றுவிட்டது. "பாக்கலாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "விட்டுட்டு போங்கறா" என்றாள். "உங்க அத்தை சொன்ன அதே வார்த்தை. ரெண்டு பேரும் பேசி வச்சினுதான் வந்திருக்காங்க."

அத்தையும் பாயம்மாவும் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. ஆனால் தூங்காத ஆளுக்கு ஊரே கூடிப் பேசுவதுபோலத் தோன்றும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை வந்தது. பாயம்மா என்ன செய்கிறாள் என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முகத்தில் கம்பியின் துருக் கோடு விழும். அவள் வாசல் பெருக்கினால் சொல்வேன், மீன் வாங்கினால் சொல்வேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டு, "ம்" என்பாள்.

ஒருநாள் அம்மாவே ஒன்றைக் கண்டுபிடித்தாள். அண்ணன் மத்தியானம் கத்த ஆரம்பித்ததும் எதிர் வீட்டில் வில் சத்தம் ஆரம்பிக்கிறது. அவன் அடங்கினால் அதுவும் நிற்கிறது. அவன் அடங்குவதே அந்தச் சத்தத்தால்தான் என்பதையும் அம்மா பார்த்துவிட்டாள். மோதிக்கொண்டிருந்த தலையை நிறுத்தி, வாயைத் திறந்தபடி, டொய்ங் வருகிற திசையில் காதைக் கொடுப்பான். இன்னொரு தாயாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். என் அம்மா பயந்துபோனாள்.

"போய்ப் பாத்துட்டு வா. உனக்கு தண்ணி வேணும்னு கேளு."

போனேன். பாய் தரையில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பாயம்மா நின்றபடி வில்லைத் தட்டிக்கொண்டிருந்தாள். கீழே தரை சுத்தமாக இருந்தது. வில்லுக்கடியில் ஒரு பிடி பஞ்சுகூட இல்லை. திரும்பி வந்து கண்டதைச் சொன்னேன்.

"பஞ்சே இல்லம்மா. சும்மா அடிக்கறாங்க."

அம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. பஞ்சு இல்லாமல் எதற்கு வில்லை அடிக்க வேண்டும்? பிள்ளையைச் சத்தத்தால் இழுக்கிறாள், பழக்கப்படுத்துகிறாள், ஒருநாள் அவன் தானாக எழுந்து அந்த வீட்டுக்குப் போய்விடுவான், அங்கிருந்து எங்கே போவானோ. அம்மா அன்று சாயங்காலமே மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். மிளகாய் நெடியில் நாங்கள் மூன்று பேரும் இருமினோம். அண்ணன்தான் ஜாஸ்தி இருமினான்.

அடுத்ததாக ஒரு தலையணை வந்தது. சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட துணி, மடியில் வைக்கிற அளவு. பாயம்மா அதை என் கையில் கொடுத்து, "அண்ணன் மடியில வைக்கச் சொல்லு" என்றாள். வாங்கும்போதே என் கை தாழ்ந்துவிட்டது. அம்மா அதைத் தூக்கிப் பார்த்தாள், அமுக்கிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள்.

"தலகாணி இந்த கனம் கனக்குமா?"

அரிவாள்மனையை எடுத்து வைத்து, மீனைக் கீறுகிற மாதிரி ஒரே கீறு. உள்ளேயிருந்து கொஞ்சம் பஞ்சும், அதற்குப் பின்னால் மிளகு மாதிரிக் கறுப்புக் கொட்டைகளும் சரசரவென்று கொட்டின. இலவங்கொட்டை. அம்மா தரையில் மண்டியிட்டு அதைக் கையால் கிளறினாள். செய்வினை வைத்த செப்புத் தகடு இருக்கும், மயிர் முடிச்சு இருக்கும் என்று தேடினாள். ஒன்றும் இல்லை. பஞ்சு பறந்து அண்ணனின் மீசையில் ஒட்டியது. அவன் சிரித்தான். அவன் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது, ஆனால் அம்மா அதைப் பார்க்கும் நிலையில் இல்லை.

"மெத்தைக்காரர் வூட்ல கொட்டையை எடுக்காம தைப்பாங்களா? வேணும்னே போட்டிருக்கா."

அதில் நியாயம் இருந்தது, யோசித்துப் பாருங்கள். கொட்டை எடுக்கத் தெரியாதவர் மெத்தைக்காரரே இல்லை. அப்படியானால் இது தவறிப்போய் விழுந்த கொட்டை இல்லை, நினைத்துப் போட்ட கொட்டை. அம்மா அதுவரை சரியாகத்தான் கண்டுபிடித்தாள். எல்லாவற்றையும் முறத்தில் அள்ளிச் சந்து முனைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரச் சொன்னாள். நான் திரும்பிப் பார்த்தேன். பாயம்மா அவர்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சாக்கடை ஓரம் கிடந்த கோடு போட்ட துணியைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

இப்போது நினைத்தால் எனக்கு அவள்மேல் கொஞ்சம் கோபம்கூட வருகிறது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் சொல்லியிருந்தாலும் அம்மா நம்பியிருக்கமாட்டாள்.

நாலைந்து நாள் கழித்து அவள் மறுபடி வந்தாள். இந்த முறை கதவுக்கு வெளியே நின்று அம்மாவைத்தான் கூப்பிட்டாள். கையில் அதே மாதிரி இன்னொரு தலையணை. மூன்று பக்கம் தைத்திருந்தது. நாலாவது பக்கம் வாயைத் திறந்துகொண்டிருந்தது. அந்த வாயோரத்தில் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருந்தது. ஊசியைப் பார்த்ததும் அம்மா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். ஊசி குத்தி அனுப்புவது எதற்கென்று எங்கள் பக்கத்தில் தெரியாதவர் உண்டா?

"ஒரு பக்கம் தைக்கல யக்கா. உள்ள கையை வுட்டு நல்லா பாத்துக்கோங்க. பாத்துட்டு உங்க கையாலயே தச்சி மூடிக்கோங்க."

அம்மாவின் கண் ஊசியிலேயே இருந்தது.

"கனம்தான் யக்கா, வேற ஒண்ணுமில்ல. கொட்டை போட்டாத்தான் கனம் நிக்கும். மடியில கனம் இருந்தா அடங்குவான். என் தம்பி ஒருத்தன் இருந்தான். அவனுக்கு எங்கம்மா இப்படித்தான் தச்சி வச்சாங்க."

'இருந்தான்' என்றாள். அம்மா அதைக் கேட்டாள், நானும் கேட்டேன். என்ன ஆனான் என்று அம்மா கேட்கவில்லை. பாயம்மாவும் சொல்லவில்லை. இன்றுவரை அது எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் என் சந்தேகம் இன்னும் போகவில்லை, யாரோ எங்கேயோ அந்தத் தம்பியை விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

அம்மா தலையணையை வாங்கி, கதவைச் சாத்தி, கூடத்தில் உட்கார்ந்து முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினாள். ஒரு கொட்டையைப் பல்லில் கடித்துக்கூடப் பார்த்தாள். பிறகு ஊசியை எடுத்துத் தைத்தாள். அம்மா நன்றாகத் தைப்பவள், அன்று தையல் கோணலாகப் போனது. தைத்து முடித்ததும் அண்ணனின் மடியில் வைத்தாள். அவன் இரண்டு கையாலும் அதை அமுக்கிக்கொண்டு, உள்ளே கொட்டைகள் நகர்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்று மத்தியானம் அவன் கத்தவில்லை. அம்மா சுவரோரம் உட்காரவேண்டி வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் வெறுங்கையோடு கொஞ்ச நேரம் நின்றாள்.

அதனால் சந்தேகம் தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஜன்னலில்தான் உட்கார்ந்திருந்தேன்.

வைகாசிப் பௌர்ணமிக்கு முந்தின நாள் அம்மா குழாயடியில் குடத்தோடு விழுந்துவிட்டாள். மூச்சு விசில்போல வந்தது. அப்பா நல்லவேளையாக வீட்டில் இருந்தார். உடனே வேலூருக்குக் கிளம்பவேண்டும் என்றார். அத்தைக்குச் சொல்லியனுப்பினார். அத்தை ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள்.

"நீ கெளம்பு. இவனை நான் எங்க வூட்டுக்கு இட்டுனு போறேன். கண்ணு, அத்தை உனக்கு இன்னா கொணாந்திருக்கேன் பாரு."

பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து உதறினாள். நீலக் கட்டம் போட்டது, கஞ்சி மொடமொடப்பு போகாத புதுச் சட்டை.

அம்மா பாயில் சாய்ந்து கிடந்தாள். சட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எனக்கும் அதே நினைப்புதான் வந்தது, அந்தப் புதுப் பாவாடைப் பெண். விடிந்தால் பௌர்ணமி. அத்தையின் கடை இருப்பது கிரிவலப் பாதையில்.

இப்போது வயதான பிறகு வேறு மாதிரியும் தோன்றுகிறது. 'மலைகிட்ட விட்டுடு' என்று கவலையை விடச் சொல்வதுதான் எங்கள் ஊர் வழக்கம். மலையைப் பார்த்துக் கும்பிட்டு, பாரத்தை அவரிடம் விட்டுவிட்டு வேலையைப் பார் என்று எல்லோரும் சொல்வார்கள். அத்தை அதைத்தான் சொன்னாளோ என்னவோ. சட்டையும் ஆசையாக எடுத்ததோ என்னவோ. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், கேட்க முடியாது. உயிரோடு இருந்திருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

"எதிர் வூட்டு அம்மாவைக் கூப்பிடு" என்றாள் அம்மா என்னிடம்.

அப்பாவுக்குக் கோபம். "சொந்த அக்கா வந்து நிக்கறா. எவங்க வூட்லயோ வுடுவியா?" என்றார். அம்மாவிடம் பதில் பேச மூச்சு இல்லை. நான் ஓடினேன்.

பாயம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். தலைமுடியிலெல்லாம் பஞ்சு. அம்மாவின் பக்கத்தில் குந்தினாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அத்தையும் அப்பாவும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"நான் வரலன்னா?"

அத்தை உடனே, "சீ, வாயைக் கழுவு. அதெல்லாம் வந்துடுவ" என்றாள். அப்பா, "இன்னா பேச்சு இது" என்றார். பாயம்மா மட்டும் அப்படி எதுவும் சொல்லவில்லை. அண்ணனை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள், அவன் எவ்வளவு பெரியவன், எவ்வளவு சோறு தின்பான், இன்னும் எத்தனை வருஷம் என்று கணக்குப் போடுகிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்தாள்.

"வரலன்னா எங்க வூட்லயே இருப்பான். இதோ இவ பெரிசாயி, என்கிட்ட வந்து கேக்கற வரைக்கும் இருப்பான்."

அம்மா அவள் கையை விட்டாள். அம்மா வராமல் போகலாம் என்பதை முதல்முறையாக ஒரு பெரியவர் என் முன்னால் ஒத்துக்கொண்டது அன்றுதான்.

"சரி, விட்டுட்டு போங்க யக்கா" என்றாள் பாயம்மா.

"விட்டுட்டுப் போகல" என்றாள் அம்மா, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "போயிட்டு வரேன்."

பாயம்மாவுக்கு அப்போதுதான் அந்த வார்த்தை உறைத்திருக்க வேண்டும். தலையை ஆட்டி, "போயிட்டு வாங்க" என்றாள். அத்தை சட்டையைச் சங்கடத்தோடு மடித்து எங்கள் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அம்மா என் காதில் சொல்லிவிட்டுப் போனது: "கண்ணை எடுக்காம பாத்துக்கோ. அவனை இல்ல, அவளை."

பார்த்தேன். பாயம்மா வீட்டிலேயே இருந்து பார்த்தேன். அவள் ஒன்றும் தேவதை இல்லை. முதல் நாளே ஆசைப்பட்டுச் சேமியா பாயசம் கொடுத்து, அண்ணனுக்கு வயிறு கலங்கி, ஒரு புது மெத்தை பாழாகிவிட்டது. அவள் உருதுவில் அவனைத் திட்டினாள், திட்டிக்கொண்டே கழுவிவிட்டாள். பாயின் மூக்குக்கண்ணாடியை அண்ணன் ஒருநாள் வளைத்துவிட்டான். சுவரோரம் முழுக்க அவள் பழைய மெத்தைகளை நிறுத்தி வைத்திருந்தாள். அவன் மோதினால் பொத் பொத் என்று பஞ்சில் மோதுவான். கொஞ்ச நேரத்தில் அதில் சுவாரசியம் போய்விடும். வில்லின் கதையைப் பாய்தான் சொன்னார், அதுவும் குறைபட்டுக்கொண்டு.

"உங்க அண்ணன் சத்தம் போட்டா என் தூக்கம் போச்சு. உடனே இவ எழுந்து வில்லைத் தட்டறா, மீதித் தூக்கமும் போச்சு. ஒரு மாசமா இதே ரோதனை. பஞ்சு இல்லாம வில்லடிக்கற பொம்பளையை எங்கனா பாத்திருக்கியா பாப்பா?"

பார்த்திருந்தேன். பார்த்ததைச் சரியாகவும் சொல்லியிருந்தேன். அதற்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா ஆனி பாதியில் திரும்பி வந்தாள். கழுத்தில் மாலைபோல ஒரு தழும்பு. குரல் போய்விட்டிருந்தது, ஆண்பிள்ளைக் குரலாகக் கரகரத்தது. பாயம்மா வீட்டு வாசலில் நின்று அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் திரும்பவே இல்லை. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று மடியிலிருந்த தலையணையை உருட்டிக்கொண்டிருந்தான். மறுபடி கூப்பிட்டாள். நான் அழுதுவிட்டேன். அம்மா அழவில்லை. உள்ளே போய், மெத்தையை நகர்த்திவிட்டு, சுவருக்கும் அவனுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் தலையைக் கொண்டுவந்து அந்தத் தோளில் வைத்தான். மோதவில்லை, வைத்தான். "ம்மு" என்றான். பாயம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள், வெகுநேரம் வெளியே வரவில்லை.

அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை அண்ணன் கிழியும்வரை போட்டான்.

அம்மா அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தாள். பாயும் பாயம்மாவும் ஆரணிப் பக்கம் போய்விட்டார்கள், பிறகு தகவல் இல்லை. நான் பெரிசாகி, யாரிடமும் கேட்கத் தேவையில்லாமலே அண்ணன் என்னிடம் வந்து சேர்ந்தான். அவனுக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. அந்தத் தலையணைக்கு எத்தனையோ முறை உறை மாற்றிவிட்டேன்.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. போன மாதம் நம் கூட்டத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாளே, மடியைவிட்டு இறங்காத பையனோடு. போளூரில் அவள் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள். ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வர அவளுக்கு வழியில்லை. பையன் பஸ்ஸில் ஏறினால் கத்துகிறான். நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், "என்கிட்ட விட்டுட்டு போம்மா" என்று. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். பையனை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள்.

நல்ல கேள்வி. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவள் ஒருநாள் அடுத்த கேள்வியையும் கேட்பாள், நான் வரலன்னா என்று. அதற்கு நான் ஒருத்தியாகப் பதில் சொல்ல முடியாது. எனக்கே கண்ணில் புரை, காலில் வலி, என் அண்ணனுக்கே அந்தப் பதிலை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இத்தனை பேர் இருக்கிறீர்கள். 'அப்படிச் சொல்லாதம்மா, வந்துடுவ' என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். வரவில்லை என்றால் பையன் யார் வீட்டில், யார் பக்கத்தில் படுப்பான் என்று அடுத்த கூட்டத்துக்குள் நமக்குள் பேசிவைப்போம்.

அவளுக்காக ஒரு தலையணை தைத்திருக்கிறேன். சின்ன மடிக்கு ஏற்ற மாதிரி சின்னது. மூன்று பக்கம் தைத்துவிட்டேன், ஒரு பக்கம் திறந்திருக்கிறது. நூல் கோத்த ஊசியைத் தனியாகக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு அவள் வந்ததும் கொடுப்பேன். அவள் உள்ளே கையை விட்டுத் துழாவுவாள், ஒரு கொட்டையைக் கடித்துக்கூடப் பார்ப்பாள். அப்போது நீங்கள் யாரும் சிரிக்கக்கூடாது.